பட்டாளத்துப் புகைப்படக்காரர்கள்: கேப்டன் ட்ரைப் முதல் வாட்டர்ஹவுஸ் வரை

தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலையும் முதன்முதலில் திட்டமிட்டு, வரிசையாகப் புகைப்படம் எடுத்தவர் ஒரு பட்டாளத்துக்காரர். கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையில் 12ஆம் சுதேசிக் காலாட்படையைச் சேர்ந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப்பை 1856இல் சென்னை மாகாண அரசு தன் புகைப்படக்காரராக நியமித்தது. நான்கு ஆண்டுகளில் அந்தப் பதவியே இல்லாமல் போயிற்று. அவர் மறுபடியும் படைப்பணிக்குத் திரும்பினார். படைவாழ்க்கையிலிருந்து புகைப்படத் தொழிலுக்கு மாறுவது எவ்வாறு நடந்தது, எந்த இடத்தில் தடைப்பட்டது என்பதற்கு அவருடைய வரலாறு நல்ல சான்று. அவரோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய வேறு சிலரும் உண்டு: அஜந்தாவில் வாழ்நாளைக் கழித்த ராபர்ட் கில், பம்பாய்ப் பீரங்கிப் படையின் தாமஸ் பிக்ஸ், உதகமண்டலத்தில் ஸ்டூடியோ வைத்த எட்மண்ட் டேவிட் லயன், தாதுவருடப் பஞ்சத்தைப் படமெடுத்த வில்லோபி வாலஸ் ஹூப்பர், கல்கத்தா நில அளவைத் துறையின் ஜேம்ஸ் வாட்டர்ஹவுஸ். கேமராவைக் கையாளத் தேவையான ஏறக்குறைய எல்லாவற்றையும் பட்டாளம் இவர்களுக்குக் கொடுத்தது. படத்தை விலைகொடுத்து வாங்கும் ஆளை மட்டும் அவரவரே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

புகைப்படக்கலை 1839இல் ஐரோப்பாவில் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இந்தியாவில் அதைக் கையிலெடுத்தவர்களில் படை அதிகாரிகளும் படை மருத்துவர்களும் கணிசமாக இருந்தனர். காரணங்கள் வெளிப்படையானவை. கேமராவும் லென்சும் வேதிப்பொருள்களும் சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டும். அந்தச் செலவைத் தாங்கும் சம்பளம் அதிகாரிகளுக்கு இருந்தது. போர் இல்லாத காலத்தில் கண்டோன்மெண்ட் வாழ்க்கையில் நேரம் மிச்சமிருந்தது. நிலத்தை அளக்கவும் கோட்டையை வரையவும் இளம் அதிகாரிகள் பயின்றிருந்ததால், ஒரு கட்டடத்தை எங்கிருந்து பார்த்தால் அதன் அமைப்பு முழுதாகத் தெரியும் என்ற கணக்கு அவர்கள் கண்ணில் ஏற்கெனவே ஊறியிருந்தது. மருத்துவர்களுக்கோ வேதியியல் தெரியும். ஆக்ராவில் தாஜ்மகாலைப் பெரிய அளவில் படமெடுத்த ஜான் மர்ரே, மைசூர்ப் பகுதிக் கோயில்களை எடுத்த ஆண்ட்ரூ நீல், பம்பாய் அரசுக்குப் பணிசெய்த வில்லியம் பிகோ மூவரும் கும்பினியின் மருத்துவர்கள்.

இதற்கெல்லாம் மேலாகப் படைப்பணியின் ஒரு நடைமுறை உதவியது. ஓர் அதிகாரியை அவருடைய ரெஜிமெண்டிலிருந்து விடுவித்து நில அளவை, பொதுப்பணி, அரசியல் தூது போன்ற வேலைகளுக்கு அனுப்புவது கும்பினி ஆட்சியில் வழக்கம். அனுப்பப்பட்டவருக்குக் கூடுதல் படி கிடைக்கும். படையில் அவருடைய மூப்பும் பதவி உயர்வும் கெடாது. புகைப்படக்காரராக மாறிய அதிகாரிகள் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் போனார்கள். வேலையை விட்டுவிட்டுத் துணிந்து இறங்கியவர் மிகக் குறைவு. இன்றைய நிர்வாக மொழியில் சொன்னால் அவர்கள் அயற்பணியில் இருந்தவர்கள். பின்னால் நிகழ்ந்த பலவற்றுக்கும் விளக்கம் இந்த ஒன்றிலேயே கிடைக்கிறது.

கும்பினிக்கும் புகைப்படம் தேவைப்பட்டது. பழைய கட்டடங்களை ஓவியர்களைக் கொண்டு வரையச் சொன்னால் ஆண்டுகள் ஓடின. சென்னைப் படை அதிகாரியான ராபர்ட் கில் அதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. அஜந்தாக் குகை ஓவியங்களைப் பெயர்த்து வரைய 1844இல் அவர் நியமிக்கப்பட்டார். சில ஆண்டுகளில் முடியும் என்று எண்ணிய வேலை அவருடைய எஞ்சிய வாழ்நாளையே எடுத்துக்கொண்டது. துணியில் எண்ணெய் வண்ணத்தில் அவர் தீட்டிய பெரிய படிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டுக் கிரிஸ்டல் பேலஸில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1866 டிசம்பரில் அங்கே ஏற்பட்ட தீவிபத்தில் அவற்றில் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. ஏறக்குறைய இருபது ஆண்டு உழைப்பு ஒரே நாளில் அழிந்தபோதும் கில் முற்றிலும் வெறுங்கையோடு நிற்கவில்லை. 1850களின் நடுவிலேயே அவர் கேமராவுக்கு வந்திருந்தார். அஜந்தா, எல்லோராக் குகைகளை அவர் எடுத்த ஸ்டீரியோ படங்கள் கட்டடக்கலை வரலாற்றறிஞர் ஜேம்ஸ் ஃபெர்குசனின் குறிப்புகளுடன் 1864இல் லண்டனில் நூல்களாக வெளிவந்திருந்தன. ஓவியம் ஒன்றே ஒன்றுதான். அச்சிட்ட புகைப்படத்துக்குப் பல படிகள் உண்டு. கும்பினிக்குத் தேவைப்பட்டதும் இந்தப் பல படிகள்தான்.

1855 வாக்கில் லண்டனில் இருந்த கும்பினி இயக்குநர்கள், வரைபடக்காரர்களுக்குப் பதிலாகப் புகைப்படத்தைப் பயன்படுத்துமாறு மாகாண அரசுகளை ஊக்கப்படுத்தினர். கும்பினியின் இராணுவப் பள்ளியான ஆடிஸ்கோம்பில் பயிற்சி மாணவர்களுக்குப் புகைப்படம் சொல்லிக்கொடுப்பதும் அந்த ஆண்டுதான் தொடங்கியது. பம்பாயில் 1854இலும் கல்கத்தாவிலும் சென்னையிலும் 1856இலும் புகைப்படச் சங்கங்கள் ஏற்பட்டன. சென்னைச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவர் கலைத்தொழிற் பள்ளியை நடத்திய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர். இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி அந்தப் பள்ளியின் வழிவந்தது.

பம்பாய் அரசு முந்திக்கொண்டது. பீரங்கிப்படை கேப்டன் தாமஸ் பிக்ஸை 1855இல் தன் புகைப்படக்காரராக நியமித்து, பிஜப்பூர் முதலிய இடங்களின் கட்டடங்களை எடுக்க அனுப்பியது. அந்த ஆண்டு முடிவதற்குள் படை அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அவருடைய இடத்துக்கு பிகோ வந்தார். சில ஆண்டுகளில் அவரும் இறந்துவிட, நீல் தொடர்ந்தார். ஒருவர் தொடங்கிய வேலையை இன்னொருவர் முடித்து, மூவர் எடுத்த படங்களும் கலந்து 1866இல் பெரிய நூல்களாக வெளிவந்தன. அயற்பணிப் புகைப்படக்காரரின் நிலை எவ்வளவு உறுதியற்றது என்பதை ட்ரைப் பதவியேற்பதற்கு முன்பே பம்பாய் காட்டிவிட்டது.

ட்ரைப் 1822இல் இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன்போர்ட் துறைமுக நகரில் பெரிய குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பதின்ம வயது முடியுமுன் கும்பினிப் படையில் சேர்ந்து இந்தியா வந்தார். பத்தாண்டுக்கு மேல் பணியாற்றியபின் நீண்ட விடுப்பில் ஊர் திரும்பிய காலத்தில்தான் புகைப்படம் கற்றார். 1853இல் லண்டனில் புதிதாகத் தொடங்கிய புகைப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். டெவன்போர்ட் கப்பல்தளத்தை அவர் எடுத்த சில படங்கள் கிடைத்திருக்கின்றன. பாய்மரங்கள், கயிறுகள், தளத்தின் பலகைகள் எல்லாம் துல்லியமாக விழுந்திருக்கும் அப்படங்கள் பொழுதுபோக்குக்காரர் எடுத்தவை போலத் தோன்றவில்லை. 1854இல் கேப்டனாகப் பெங்களூர் கண்டோன்மெண்டுக்கு வந்தார். அந்த டிசம்பரிலேயே ஹளேபீடு, பேலூர், சிரவணபெளகுளா ஆகிய இடங்களுக்குச் சென்று கோயில்களைப் படமெடுத்தார். 1855இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் அவற்றில் 68 படங்களை வைத்தபோது முதல்தரப் பதக்கம் கிடைத்தது. அதுவரை இவையெல்லாம் சொந்தச் செலவில், சொந்த ஆர்வத்தில் நடந்தவை.

அந்தப் பதக்கம் அவருக்கு வழி திறந்தது. இரண்டாம் பர்மியப் போரில் பெகு மாகாணத்தைப் பிடித்துக்கொண்ட ஆங்கிலேயர், மின்டன் மன்னரின் அரசவைக்கு 1855இல் ஒரு தூதுக்குழுவை அனுப்பினர். ஆர்தர் ஃபேர் அதன் தலைவர். செயலாளர் ஹென்றி யூல். தமிழ்ச் சொற்கள் பல இடம்பெற்ற ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியைப் பிற்காலத்தில் தொகுத்தவர் இந்த யூல்தான். கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி குழுவில் ஓர் ஓவியரையும் ஒரு புகைப்படக்காரரையும் சேர்த்தார். ஓவியர் கோல்ஸ்வொர்தி கிராண்ட். புகைப்படக்காரர் ட்ரைப். ஆகஸ்டில் ரங்கூனிலிருந்து புறப்பட்ட குழு ஐராவதி ஆற்றின் வழியே தலைநகர் அமரபுரத்துக்குப் போனது. மழைக்காலம். உடல்நலமும் ஒத்துழைக்கவில்லை. ஆனாலும் அவர் இருநூறுக்கு மேற்பட்ட நெகடிவ்களுடன் திரும்பினார். அவற்றிலிருந்து 120 காட்சிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் 50 படிகள் என்ற கணக்கில் பெங்களூரில் அச்சிட்டார். ஆறாயிரம் படங்கள், ஒவ்வொன்றையும் வெயிலில் வைத்து அச்செடுத்து, நிலைப்படுத்தி, கழுவி, உலர்த்தி, அட்டையில் ஒட்ட வேண்டும். 1857இல் அந்தத் தொகுப்பு அரசின் கைக்குப் போனது.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்துமுடித்தவரை விட்டுவிட அரசுக்கு மனமில்லை. லார்ட் ஹாரிஸ் கவர்னராக இருந்த சென்னை அரசு 1856 அக்டோபரில் அவரை மாகாணப் புகைப்படக்காரராக்கியது. கோயில்களும் கோட்டைகளும் சிதையுமுன் பதிவுசெய்யப்பட வேண்டும் என்பது ட்ரைப் முன்வைத்த நோக்கம். மக்கள் இனங்கள், உடைகள், ஆயுதங்கள் ஆகியவற்றையும் எடுக்கலாம் என்ற பேச்சு இருந்தது. ஆனால் அவர் மனம் கட்டடங்களிலேயே நின்றது. 1857இல் வடக்கே கிளர்ச்சி வெடித்த ஆண்டின் இறுதியில், டிசம்பரில், மாட்டு வண்டிகளில் கேமராவையும் வேதிப்பொருள்களையும் ஏற்றிக்கொண்டு அவர் பெங்களூரிலிருந்து தெற்கே புறப்பட்டார். இராயக்கோட்டை, சேலம் பகுதி, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு என்று அந்தப் பயணம் அடுத்த ஆண்டுக்குள் நீண்டு சென்னையில் முடிந்தது. வடநாட்டில் போர் நடந்துகொண்டிருந்த மாதங்களில் காலாட்படை கேப்டன் ஒருவர் தமிழ்நாட்டுக் கோபுரங்களின் எதிரே முக்காலி நிறுத்திக் காத்திருந்தார் என்பது சற்று வியப்புக்குரியது. சென்னைப் படை பெருமளவில் கிளர்ச்சியில் சேராததே இதற்கு இடம்கொடுத்தது.

அவர் கைக்கொண்ட தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது. 1850களில் இரண்டு முறைகள் போட்டியிட்டன. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசும் ஈர முறையில் நுட்பம் அதிகம். ஆனால் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவிவிட வேண்டும். பங்குனி வெயிலில் அது சில நிமிடங்களில் காய்ந்துவிடும். கண்ணாடி கனம்; வண்டிப் பயணத்தில் உடையும். இன்னொன்று ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1841இல் காப்புரிமை பெற்ற காகித நெகடிவ் முறை. காகிதத்துக்கு மெழுகூட்டி, வெள்ளி உப்பேற்றி முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளலாம். எடுத்தபின் உடனே கழுவவேண்டிய அவசரம் குறைவு. இலேசானது, உடையாது. பயணத்தில் இருப்பவருக்கு ஏற்றது இதுதான் என்று ட்ரைப் கண்டார். சில இடங்களில் கண்ணாடியையும் பயன்படுத்தினாலும் அவருடைய சிறந்த படங்களில் பெரும்பாலானவை காகித நெகடிவிலிருந்து வந்தவை. படத்தைப் பெரிதாக்கும் வசதி அப்போது நடைமுறையில் இல்லை. ஓரடிக்கு மேல் அகலமான படம் வேண்டுமென்றால் நெகடிவும் அந்த அளவு இருக்க வேண்டும், அதைத் தாங்கும் கேமராவும் வேண்டும். வண்டிகள் ஏன் தேவைப்பட்டன என்பது இதிலிருந்து புரியும்.

காகிதத்தின் குறைகளும் அதிகம். வெளிச்சத்தைப் பல நிமிடம் காட்டினால்தான் உருவம் விழும். அதற்குள் நடமாடுபவர்கள் மறைந்துவிடுவார்கள், மர இலைகள் காற்றில் அசைந்து குழம்பிவிடும். அக்கால வெள்ளி உப்பு நீல ஒளியை மட்டும் மிகையாக வாங்கியதால் வானம் திட்டுத்திட்டாக, வெறும் வெளுப்பாக வந்தது. ட்ரைப் தூரிகையை எடுத்தார். நெகடிவின் மேல் வண்ணம் தீட்டி வானத்துக்கு மேகம் சேர்த்தார். மங்கிய மரங்களுக்கு இலை வரைந்தார். உள்ளதை உள்ளபடி காட்டும் ஆவணம் என்று அரசு பணம் கொடுத்த படத்தில் மேகம் கையால் வரைந்தது! ஆனால் கல்லில் அவர் தூரிகை படவில்லை என்றே சொல்லலாம். கட்டடத்தின் விளிம்பும் நிழலும் கேமரா கண்டபடியே இருக்கின்றன. ஆவணமா கலையா என்ற பிற்கால வாதத்துக்கு அவருடைய படங்கள் இரு தரப்புக்கும் சான்று தருவது இதனால்தான்.

மதுரைப் படங்களே எண்ணிக்கையிலும் தரத்திலும் உச்சம். நான்கு பகுதிகளாக வெளிவந்த அந்தத் தொகுப்பில் மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்கள், புதுமண்டபத் தூண்கள், முற்றுப்பெறாத இராயகோபுரம், மாரியம்மன் தெப்பக்குளம் எல்லாம் உண்டு. திருமலை நாயக்கர் மகால் இன்று சுதை பூசி, வண்ணம் தீட்டி நிற்கிறது. ட்ரைப் கண்ட மகால் சுவரிடிந்து, கூரைமேல் செடி முளைத்துக் கிடந்தது. 1860களின் பிற்பகுதியில் கவர்னர் நேப்பியர் காலத்தில்தான் அதைப் பழுதுபார்க்கத் தொடங்கினர். மகாலின் எந்தப் பகுதி நாயக்கர் காலத்தது, எது ஆங்கிலேயர் செப்பனிட்டது என்று பிரித்தறிய இப்படங்கள் இன்றியமையாதவை. ஊர்க் கோட்டைச் சுவரை இடித்து வீதிகளை அகலமாக்கிய கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக எழுப்பிய விளக்குத்தூணையும் அவர் விடவில்லை. மதுரைக்காரர்கள் நாளும் கடந்துபோகும் அந்தத் தூண் அப்போது புதியது.

தஞ்சையில் அவர் செய்தது வேறு வகையான வேலை. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் நீளமாக ஓடும் கல்வெட்டுகளைத் துண்டுதுண்டாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, 19 அடிக்கும் கூடுதலான நீளத்தில் ஒரே சுருளாக்கினார். நகர்ந்து நகர்ந்து, தூரம் மாறாமல், கேமரா சாயாமல், வெளிச்சம் பெரிதும் மாறுபடாமல் எடுத்தால்தான் எழுத்துவரி ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குத் தொடரும். நில அளவைக்காரன் சங்கிலி பிடிக்கும் பொறுமை இதில் தெரிகிறது. அந்த எழுத்துகள் இராசராச சோழனுடையவை என்பது 1858இல் அறிஞருலகில் நிலைபெறவில்லை. யூஜின் ஹுல்ஷ் 1880களிலும் 90களிலும் கல்வெட்டுகளைப் படித்துப் பதிப்பித்த பிறகே கோயிலைக் கட்டியவன் யார் என்ற கேள்வி முடிவுக்கு வந்தது. படிக்கப்படாத எழுத்தை ஒரு வரியும் விடாமல் பதிவு செய்யவேண்டும் என்று கருதிய முறைமையில் பட்டாளப் பயிற்சியின் சாயல் இருக்கிறது என்றால் மிகையாகாது.

இராயக்கோட்டை, திருமயம், திருச்சி மலை ஆகிய படங்களில் அவருடைய முதல் தொழில் இன்னும் நேராகத் தெரிகிறது. பாறையும் அதன்மேல் மதிலும் எப்படிப் பொருந்துகின்றன என்று பார்க்கும் பார்வை அது. மனிதர்கள் அநேகமாக இல்லாத அவருடைய கோயில்களோ பாழூர்களைப் போலக் காட்சியளிக்கின்றன. உண்மையில் அன்றைய மதுரைக் கோயில் கூட்டமும் கடைகளும் நிறைந்தது. நீண்ட நேர ஒளிப்பதிவு அதற்கு ஒரு காரணம் மட்டுமே. நாகரிகம் ஒன்றின் மிச்சங்களைப் பதிவுசெய்கிறோம் என்ற ஆட்சியாளர் மனப்பாங்கும் சேர்ந்தே அந்த வெறுமையை உண்டாக்கியது. உயிரோடு வழிபாடு நடக்கும் கோயிலை இடிபாடாகப் பார்க்கும் கண் அது. அழகான படங்கள் என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை.

1858இல் சென்னை மத்திய அருங்காட்சியகத்தில் எலியட் சலவைக்கற்கள் என்று அழைக்கப்பட்ட அமராவதிப் பௌத்தச் சிற்பங்களையும் ட்ரைப் படமெடுத்தார். வால்டர் எலியட் 1845இல் அகழ்ந்தெடுத்துச் சென்னைக்கு அனுப்பியவை அவை. ட்ரைப் படமெடுத்த அடுத்த ஆண்டே அவற்றில் பெரும்பகுதி கப்பலேறி லண்டன் சென்றது. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் கற்கள் சென்னையில் எந்த நிலையில் இருந்தன என்பதற்கு இப்படங்கள் சாட்சி.

1859 மார்ச்சில் சார்லஸ் டிரெவெல்யன் கவர்னராக வந்தார். லண்டன் கருவூலத்தில் நெடுங்காலம் கணக்குப் பார்த்துப் பழகியவர். கிளர்ச்சியை அடக்கிய செலவால் அரசு கடனில் மூழ்கியிருந்தது. கும்பினி ஆட்சி முடிந்து அரசியின் ஆட்சி வந்திருந்தது. அப்போதைய நிதிநிலைக்குப் புகைப்படம் ஆடம்பரம் என்று அவர் முடிவுசெய்தார். வேலையை நிறுத்த ஆணை போயிற்று. கையிலிருந்ததை முடித்துக்கொடுத்ததும் 1860இல் அலுவலகம் மூடப்பட்டது. வருமானவரித் திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்ததற்காக டிரெவெல்யனும் அதே ஆண்டில் திரும்ப அழைக்கப்பட்டார் என்றாலும் ட்ரைப்பின் பதவி மீளவில்லை. அவர் படைக்குத் திரும்பினார். பிறகு 1870ஐ ஒட்டிப் பர்மாவின் டௌங்கூவில் எடுத்த சில ஸ்டீரியோ படங்களைத் தவிர, குறிப்பிடத்தக்கதாக எதுவும் எடுக்கவில்லை. 1870களின் நடுவில் ஓய்வுபெற்றபோது கௌரவ மேஜர் ஜெனரல். 1902இல் டெவன்போர்ட்டில் காலமானார்.

கேமராவை அவர் ஏன் அவ்வளவு எளிதாகக் கீழே வைத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் வியந்திருக்கிறார்கள். வியப்புக்கு அவ்வளவு இடமில்லை. அவருடைய படங்களுக்கு வாடிக்கையாளர் ஒருவர்தான், அது அரசு. எத்தனை தொகுப்புகள் அச்சிடுவது, யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானித்தது அரசு. அவருக்குக் கடைத்தெருவில் பெயரில்லை, விலைப்பட்டியல் இல்லை, உருவப்படம் எடுக்க வரும் குடும்பங்கள் இல்லை. மறுபுறம் படையில் சம்பளமும் மூப்பும் ஓய்வூதியமும் காத்திருந்தன. நாற்பதை நெருங்கும் கேப்டன் அதை விட்டுவிட்டு ஸ்டூடியோ திறந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அந்த ஆச்சரியத்தைச் செய்தவர் எட்மண்ட் டேவிட் லயன். அவர் 1845இல் பிரிட்டிஷ் படையில் சேர்ந்து 1854இல் விலகியவர். பிறகு டப்ளின் இராணுவச் சிறையின் தலைவராகச் சிறிது காலம் இருந்தார். 1860களின் நடுவில் உதகமண்டலத்தில் தொழில்முறைப் புகைப்படக்காரராகத் தோன்றுகிறார். இடத்தேர்வு புத்திசாலித்தனமானது. கோடையில் சென்னை அதிகாரிகள் குடும்பத்தோடு மலையேறுவார்கள், அருகில் வெலிங்டன் படைமுகாம், தோட்டக்காரர்களின் பணம். உருவப்படத்துக்கும் நீலகிரிக் காட்சிகளுக்கும் வாங்குவோர் அங்கேயே இருந்தனர். பழைய கட்டடங்களைப் பதிவுசெய்வதில் அரசுக்கு 1867 வாக்கில் மறுபடி ஆர்வம் பிறந்தபோது சென்னை அரசு லயனை ஒப்பந்தத்தில் அமர்த்தியது. மதுரை, திருவரங்கம், தஞ்சை, மாமல்லபுரம், ஹம்பி என்று அவர் எடுத்த படங்களின் விளக்கக் குறிப்புகள் ஃபெர்குசன் பதிப்பில் 1870இல் லண்டனில் வெளிவந்தன. படங்கள் விற்பனைக்கும் வந்தன.

ட்ரைப் போன அதே ஊர்களுக்குப் பத்தாண்டு கழித்து லயன் போனார். கண்ணாடி நெகடிவ் கொண்டுவந்த கூர்மை இவருடைய படங்களில் இருக்கிறது. ட்ரைப்பின் காகிதம் தந்த மென்மையும் ஆழ்ந்த நிழலும் குறைவு. கலைத்தரத்தில் ட்ரைப் ஒருபடி மேல் என்பதை மறுப்பது கடினம். ஆனால் பட்டாளத்திலிருந்து புகைப்படத் தொழிலுக்கு உண்மையாகவே இடம்பெயர்ந்தவர் லயன்தான். அரசு ஒப்பந்தம் அவருக்குப் பல வருமானங்களில் ஒன்று. அது முடிந்தபின்னும் அவர் தன் காலில் நின்றார். இதே பத்தாண்டில் நாட்டிங்காம் நகரில் வங்கி எழுத்தராக இருந்த சாமுவேல் போர்ன் 1863இல் இந்தியா வந்து, சிம்லாவில் தொடங்கிய கூட்டு நிறுவனம் நாடெங்கும் படம் விற்றது. கண்டோன்மெண்டின் ஓய்வுநேரக் கலையாக இருந்தது கடைத்தெருவுக்கு வந்துவிட்டது.

வில்லோபி வாலஸ் ஹூப்பரின் கதை இருண்டது. சென்னைக் குதிரைப்படை அதிகாரியான இவர் 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ நூல்வரிசைக்குப் படம் கொடுத்தவர். ஜார்ஜ் வெஸ்டர்ன் என்பவருடன் சேர்ந்து புலிவேட்டைப் படங்கள் போன்ற விற்பனைத் தொகுப்புகளையும் தயாரித்தார். படைப்பதவியை விடாமலே வியாபாரமும் செய்தார் என்று சொல்லவேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாதுவருடப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக இருந்த மக்களை வரிசையாக உட்காரவைத்தும் நிற்கவைத்தும் அவர் எடுத்த படங்கள் இன்றும் பஞ்சம் பற்றிய நூல்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்தப் படங்கள் இல்லையென்றால் பல லட்சம் சாவுகள் வெறும் அறிக்கை எண்களாகவே நின்றிருக்கும். அதே சமயம், அந்த மனிதர்களைக் கேமராவுக்கேற்ப அடுக்கி வைத்த கையையும் படங்களிலேயே காணமுடிகிறது. மூன்றாம் பர்மியப் போருக்குப் பின் மண்டலேயில் படைக் காவல் தலைவராக இருந்தபோது, பர்மியக் கைதிகளைச் சுட்டுக்கொல்லும் கணத்தைப் படம்பிடிக்க ஏற்பாடு செய்து, அதற்காக ஆணையைத் தாமதப்படுத்தினார் என்ற குற்றச்சாட்டு 1886இல் எழுந்தது. செய்தி லண்டன் நாடாளுமன்றம் வரை போயிற்று. விசாரணைக்குப் பின் அவர் கண்டிக்கப்பட்டார். சுடச் சொல்லும் அதிகாரமும் படமெடுக்கும் ஆசையும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன நேரும் என்பதை இது காட்டியது. படைப்பணியும் புகைப்படமும் ஒன்றுக்கொன்று உதவியதைப் பேசும்போது இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகமுடியாது.

ஜேம்ஸ் வாட்டர்ஹவுஸ் நான்காவது வழி ஒன்றைக் கண்டார். 1842இல் பிறந்து, ஆடிஸ்கோம்பில் பயின்று, வங்காளப் பீரங்கிப் படையில் சேர்ந்தவர். 1861–62இல் மத்திய இந்தியாவில் ‘இந்திய மக்கள்’ வரிசைக்காகப் படமெடுக்க அனுப்பப்பட்டார். அங்கேயே நின்றிருந்தால் அவரும் இன்னொரு அயற்பணிக்காரராக மறைந்திருப்பார். 1866இல் கல்கத்தாவிலிருந்த இந்திய நில அளவைத் துறையின் புகைப்படப் பிரிவுக்குப் பொறுப்பேற்று 1897 வரை அங்கே இருந்தார். நிலப்படங்களைப் புகைப்படம் வழியாகத் துத்தநாகத் தகட்டில் ஏற்றிப் பல்லாயிரம் படிகள் அச்சிடுவது அந்தப் பிரிவின் அன்றாட வேலை. கோயில் படத்தை ஆடம்பரம் என்று நிறுத்திவிடலாம். நிலப்படம் இல்லாமல் எந்த ஆட்சியும் நடக்காது. அதனால் எந்தக் கவர்னரும் அந்தப் பிரிவில் கைவைக்கவில்லை.

அந்த நிலையான இடம் ஆராய்ச்சிக்கும் உதவியது. வெள்ளி உப்பில் சாயங்களைக் கலந்தால் நீலத்தைத் தவிர மற்ற நிறங்களுக்கும் அது உணர்வுபெறும் என்று ஜெர்மானியர் ஹெர்மன் ஃபோகல் 1873இல் கண்டறிந்திருந்தார். 1875இல் வாட்டர்ஹவுஸ் இயோசின் என்ற சாயம் அதற்குப் பயன்படும் என்று காட்டினார். மஞ்சளும் பச்சையும் கறுத்துப்போகாமல் ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரியும் ஒளியளவிலேயே பதியும் தகடுகள் உருவாக இது பெரிய துணை. ட்ரைப் தூரிகையால் ஈடுசெய்த அதே குறையை, அடுத்த தலைமுறைப் பீரங்கிப்படைக்காரர் சோதனைச்சாலையில் எதிர்கொண்டார். மேஜர் ஜெனரலாக ஓய்வுபெற்ற அவர் 1905 முதல் 1907 வரை லண்டன் அரச புகைப்படச் சங்கத்தின் தலைவராக இருந்தார்.

இவர்களை ஒப்பிட்டால், மாற்றம் நிலைத்ததா இல்லையா என்பது திறமையைப் பொறுத்து அமையவில்லை என்பது தெளிவு. திறமையில் முதல்வரான ட்ரைப்பின் தொழில்வாழ்க்கைதான் மிகக் குறுகியது. பிக்ஸைப் படை திரும்ப அழைத்தது, ட்ரைப்பைக் கருவூலம் நிறுத்தியது. லயனுக்கு ஊட்டியில் வாடிக்கையாளர் இருந்தனர். வாட்டர்ஹவுஸுக்கு விலக்கமுடியாத ஓர் அரசுத்துறை இருந்தது. கில் தன் ஓய்வையும் உடலையும் அஜந்தாவுக்கே கொடுத்துவிட்டு 1879இல் இறந்தார்; அவரை எந்த வகையிலும் சேர்ப்பது கடினம்.

ட்ரைப் எடுத்த படங்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நூலகப் பெட்டிகளிலும் சங்கங்களின் அலமாரிகளிலும் கிடந்தன. ஜேனட் டூவன் அவற்றின் முழு அட்டவணையை 2003இல் வெளியிட்டார். 2014–15இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஆகிய மூன்றும் சேர்ந்து அவருக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தின. மதுரைக்கோ தஞ்சைக்கோ அந்தக் கண்காட்சி வரவில்லை. அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்புகளில் அப்படங்களில் பலவற்றை இன்று இலவசமாகப் பார்க்கலாம். கோயில் திருப்பணியில் எதை இடிப்பது, எதை வைப்பது என்று முடிவெடுப்பவர்கள், வேலை தொடங்குமுன் தங்கள் கோயிலின் 1858ஆம் ஆண்டுப் படம் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது நல்லது.